ஸ்டீரிங் ரேக் ஒழுகுது என்றார்கள், அதில் ஒழுக எண்ணெயே இல்லை

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் காடி வைத்திருப்பவர்கள், அதிலும் என்னைப் போல் தினமும் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓட்டுகிறவர்கள், பட்டறைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. பெயரைப் போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். நடந்ததைச் சொல்கிறேன்.

என்னுடையது 2009 மைவி கார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் போட்ட குழிகள் ஏராளம். முன்பக்கம் பழைய கட்டில் மாதிரி ஆட ஆரம்பித்ததால், ஆகஸ்டு மாதம் குலுக்கலைத் தாங்கும் அப்சார்பர் இரண்டையும், சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோவர் ஆர்ம் இரண்டையும் மாற்றக் கொடுத்தேன். கூலியோடு 720 வெள்ளி (ரிங்கிட்). காலையில் விட்டேன், சாயங்காலம் எடுத்தேன். காடி நன்றாகவே ஓடியது. அதனால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டதும் ஸ்டீரிங்கைத் திருப்பினால் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். அதே பட்டறைக்குத்தான் போனேன். பையன் ஒருவன் ஜேக் வைத்துத் தூக்கி, ஒரு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனான். முதலாளி வந்தார்.

"ரேக் ஒழுகுது டீச்சர். பாருங்க, எண்ணெய் எப்படித் தெறிச்சிருக்கு. பழைய காடிதானே. முழு ரேக்கும் மாத்திடலாம், 850 வெள்ளி. தீபாவளிக்குள்ள முடிச்சித் தர்றேன்."

ரேக் என்பது ஸ்டீரிங்கைத் திருப்பும்போது இரண்டு முன் சக்கரங்களையும் திருப்பிவிடும் பல்சட்டம். சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாகத் தெறித்திருந்தது உண்மைதான். முன்பணம் கேட்டார். பையில் 12 வெள்ளிதான் இருந்தது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சம்பளம் போட்டிருந்தால் கொடுத்திருப்பேன், மறைக்க ஒன்றுமில்லை.

வீட்டில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, தோட்டத்து லோரிப் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். விஷயத்தைச் சொன்னதும், "உன் காடியில ஸ்டீரிங் எண்ணெய் ஊத்துற டப்பா எங்கம்மா இருக்கு, காட்டு" என்றார். பானெட்டைத் திறந்து தேடினேன். இல்லை. இருக்காதாம். மைவியின் பவர் ஸ்டீரிங் மின்சார மோட்டாரில் வேலை செய்கிறது. அந்த ரேக்கில் கிரீஸ் மட்டும்தான் உண்டு. எண்ணெயே இல்லாத ரேக்கிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது என்றுதான் 850 வெள்ளி கேட்டிருக்கிறார்கள்.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாமா என்னைக் கீழே உட்காரச் சொன்னார். ஸ்டீரிங் பக்கம் இரண்டு இடத்தில் பூட் எனப்படும் ரப்பர் உறை இருக்கிறது. உள்பக்கம் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருப்பது ரேக் பூட். வெளியே, சக்கரத்துக்குப் பக்கத்தில், குட்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருப்பது டை ராட் பூட். ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பிதான் டை ராட். அதன் முனையில் (டை ராட் எண்ட்), அந்த ரப்பர் கிண்ணத்துக்கு அடியில், ஓர் இரும்புக் குழிக்குள் கிரீஸோடு இரும்புப் பந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் வழியாகத்தான் ஸ்டீரிங் சக்கரத்தைத் திருப்புகிறது. என் துருத்தி இரண்டும் நன்றாக இருந்தன. கிண்ணம்தான் கிழிந்திருந்தது. வெறும் கிழிசல் இல்லை, அதன்மேல் கறுப்பு ஒயர் டேப்பைச் சுற்றி, கேபிள் டை போட்டு இறுக்கி, மேலே கிரீஸைப் பூசி வைத்திருந்தார்கள். சக்கரத்தில் கறுப்பாகத் தெறித்திருந்ததும் இந்தக் கிரீஸ்தான். மறுபக்கமும் அப்படியே. ரப்பர் தானாகக் கிழியும், அது வேறு. ஆனால் தானாகக் கிழிந்த ரப்பர் தனக்குத்தானே டேப் ஒட்டிக்கொள்ளுமா?

எப்படிக் கிழிந்திருக்கும் என்று மாமா சொன்னதைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். லோவர் ஆர்மைக் கழற்ற இரண்டு பல் உள்ள கவட்டை போன்ற இரும்பை இடுக்கில் நுழைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். அது ரப்பரைக் கிழித்துக்கொண்டுதான் உள்ளே போகும். தூக்கிப் போடப்போகிற பழைய ஆர்முக்கு அது பரவாயில்லை. இடம் பண்ணுவதற்காகப் பக்கத்திலுள்ள டை ராட்டையும் அதே இரும்பால் அடித்துப் பிரித்திருக்கிறார்கள். திரும்பப் போடவேண்டிய சாமானை அப்படிக் கழற்றக் கூடாது. அதற்குப் புல்லர் என்று, திருகித் தள்ளிப் பிரிக்கும் ஒரு கருவி இருக்கிறது. நட்டை முழுக்க எடுக்காமல் தளர்த்திவிட்டு, புல்லரை மாட்டித் திருகினால் ரப்பரில் கீறல்கூட விழாது. கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

கிழித்த அன்றே சொல்லியிருந்தால் ஐந்தாறு வெள்ளி ரப்பரோடு போயிருக்கும். பழைய கிரீஸைத் துடைத்துப் புதுசு வைத்து, புது பூட் மாட்டினால் போதும். இரண்டு மாதம் செம்மண்ணும் மழைத் தண்ணீரும் டேப்புக்குள் போய்ப் பந்தைத் தேய்த்துவிட்டன. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டினால் கையிலேயே தெரிந்தது. (மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் அது வேறு கோளாறு, பேரிங்காகவோ கீழ் பால் ஜாயிண்டாகவோ இருக்கலாம்.) இதற்குமேல் ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை, டை ராட் எண்டையே மாற்ற வேண்டும். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் பந்து தன் இரும்புக் குழியைவிட்டுக் கழன்றால் சக்கரம் அதன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஈப்போ நெடுஞ்சாலையில் பிள்ளைகளோடு போனதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

சாமான் இரண்டும் 90 வெள்ளி, மாமாவே மாட்டிக் கொடுத்தார். டை ராட்டில் கை வைத்தால் சக்கரத்தின் கோணம் மாறிவிடும் என்பதால் டயர் கடையில் அலைன்மெண்ட், 30 வெள்ளி. ஆக 120.

ரசீதுகளோடு பட்டறைக்குப் போனேன். "ரப்பர் முன்னாடியே கிழிஞ்சிருந்தது டீச்சர், நாங்க உதவிதான் பண்ணோம்" என்றார் முதலாளி. அங்கேதான் அவர் மாட்டினார். அந்த டை ராட் எண்டுகளை நான் ஜூன் மாதம் ஈப்போவில் புதிதாக மாற்றியிருந்தேன், தேதியோடு ரசீது டேஷ்போர்டில் இருந்தது. அதை எடுத்து நீட்டினேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி நானே மனு போடலாம், வக்கீல் தேவையில்லை என்பதையும் குரலை உயர்த்தாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் பட்டறையில் விடுவதற்கு முன் ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, சக்கரத்துக்குப் பின்னால் கைப்பேசியை நீட்டி அந்த ரப்பரைப் படம் எடுத்துக்கொள்கிறேன். "டை ராட்டை எதால கழட்டுவீங்க?" என்று கேட்டும் விடுகிறேன். புல்லர் என்ற வார்த்தை வராவிட்டால் காடியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். கேட்டதற்காக ஒருவர் முறைத்தார். முறைக்கட்டும்.

முதலாளி கடைசியில் கல்லாவைத் திறந்து 90 வெள்ளி எண்ணிக் கொடுத்தார். அலைன்மெண்ட் காசு 30 எங்கே என்று கேட்டேன். "அதை டயர் கடைக்காரன்கிட்ட கேளுங்க டீச்சர்" என்றார்.