அளவுச் சட்டையா, அளவு நாடாவா, அச்சடித்த பேட்டர்னா?

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் எந்தத் தையற்கடைக்குப் போனாலும் முதலில் கேட்பது, "அளவுச் சட்டை கொண்டு வந்தீங்களா?" என்றுதான். வீட்டில் நாமே தைக்க உட்காரும்போதும் அதே கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. துணியை எதை வைத்து வெட்டுவது? நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையைப் பார்த்து வரையலாம். உடம்பை அளந்து கணக்குப் போட்டு வரையலாம். வாங்கிய அல்லது இணையத்தில் இறக்கிய பேட்டர்னை, அதாவது உடுப்பின் துண்டுகளை அளவுப்படி வரைந்த தாளை, வெட்டியெடுக்கலாம். மூன்றையும் நான் செய்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் எந்த மெசின் வாங்குவது என்றுதான் கேட்கிறார்கள். நேர்த்தையல் ஒழுங்காக விழும் மெசின் எதுவும் போதும். உடுப்பு உடம்பில் இருக்குமா இல்லையா என்பது வெட்டும்போதே முடிவாகிவிடும்.

அளவுச் சட்டையில் தொடங்குவோம். பலரும் செய்வது, சட்டையைத் துணிமேல் விரித்து, சுற்றிவர ஓர் அங்குலம் விட்டு சோக்கால் கோடு போடுவது. இதில்தான் துணி வீணாகிறது. கை பொருத்தும் வளைவான கைக்குழி, முன்பக்கத்தில் பின்பக்கத்தைவிட உள்ளே குடைந்திருக்கும். இரண்டையும் ஒரே கோட்டில் வெட்டினால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலே ஏறும், அல்லது முன்னால் அக்குளோரம் துணி திரளும்.

நான் செய்வது இது. மெத்தைமேல் பிறவுண் பேப்பரை விரிக்கிறேன். பாடசாலைக் கொப்பிகளுக்கு உறை போட வாங்குகிறோமே, அதே தாள்தான். அதன்மேல் சட்டையின் ஒரு பாதியை நீவி வைத்து, தையல் ஓடும் கோட்டிலேயே அரை அங்குலத்துக்கு ஒரு குண்டூசி வீதம் நேராகக் குத்துகிறேன். சட்டையை எடுத்தால் தாளில் கைக்குழி புள்ளி புள்ளியாக நிற்கும். அந்தப் புள்ளிகளைப் பென்சிலால் இணைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனித் தாள் எடுக்கிறேன். டாட், அதாவது உடம்பின் வளைவுக்காகக் கூம்பாக மடித்துத் தைத்த மடிப்பு, பிடித்த இடம் தட்டையாகக் கிடக்காது. சட்டையை உள்பக்கம் திருப்பி, டாட்டின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, மடிப்புக்குள் போன துணியைத் தாளில் திரும்பச் சேர்க்க வேண்டும். அரை அங்குல மடிப்பு என்றால் உள்ளே ஓர் அங்குலத் துணி இருக்கிறது. தையலுக்கு விடும் ஓரத்தை கடைசியாகத்தான் சேர்ப்பேன்.

இந்த முறையின் பலம், சட்டை ஏற்கெனவே நம் உடம்பில் சோதிக்கப்பட்டது என்பது. பலவீனம், அந்தச் சட்டையின் குறையும் கூடவே வருவது. கழுவிக் கழுவி இழுபட்ட கழுத்து, இழுபட்ட கழுத்தாகவே தாளில் இறங்கும். இன்னொன்று, இழுபடும் பனியன் துணிச் சட்டையைப் பார்த்து இழுபடாத பருத்தியில் வெட்டினால் அது தலைவழியே இறங்காது.

அடுத்தது அளந்து வரைவது. பள்ளியில் மனைப்பொருளியல் படித்தவர்களுக்கு இது பழக்கம். மார்புச் சுற்று 36 அங்குலம் என்றால் கால்பங்கு 9. சாரி பிளவுசுக்கு அதோடு கால் அங்குலம் தளர்வு சேர்த்தால் போதும். கொழும்பின் புழுக்கத்தில் உடம்பில் ஒட்டாத சட்டை வேண்டுமென்றால் முழு அங்குலம் வேண்டும், அதாவது சுற்றளவில் 4 அங்குலம். பிறகு தையல் ஓரம். கணக்கு எளிது, அளப்பதுதான் கடினம். தன்னைத் தானே சரியாக அளக்க முடியாது. நாடா முதுகில் வழுகும், அதைக் குனிந்து பார்த்தாலே அளவு மாறிவிடும். என்னை முதலில் அளந்தது சித்தி. "வயித்தை உள்ளுக்கு இழுக்காதை பிள்ளை, சும்மா நில்" என்று அவர் சொன்னதை, இன்று மற்றவர்களை அளக்கும்போது நானும் சொல்கிறேன்.

ஆனால் கணக்குக்குக் கண் இல்லை. 36 அங்குலச் சுற்று இரண்டு பேருக்கு இருக்கலாம். ஒருவருக்கு முதுகு அகலம், மற்றவருக்கு மார்பு நிறைவு. நான்கால் வகுத்தால் இருவருக்கும் ஒரே 9 தான் வரும். தோள் சரிவும் அப்படித்தான். அதனால் அளந்து வரைகிறவர்கள் பழைய பெட்சீற்றில் ஒருமுறை வெட்டி, நூலோட்டிப் போட்டுப் பார்க்காமல் நல்ல துணியைத் தொடக்கூடாது. உடம்பு அண்மையில் மாறியவர்களுக்கும், பொருந்தும் சட்டை ஒன்றுமே கைவசம் இல்லாதவர்களுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது.

அச்சடித்த பேட்டர்னின் கதை 1863இல் அமெரிக்காவில் பட்டரிக் என்ற தையற்காரர் அளவு வாரியாகத் தாள் விற்றதில் தொடங்குகிறது. ஜெர்மனியின் புர்தா இதழ் 1952 முதல் பேட்டர்ன் தாள்களைச் சேர்த்துத் தந்தது. இவற்றில் ஏமாறுகிற இடங்கள் இரண்டு. முதலாவது, கடையில் வாங்கும் உடுப்பின் இலக்கத்தைப் பார்த்து பேட்டர்னின் அளவைத் தெரிவுசெய்வது. இரண்டு இலக்கமும் ஒன்றல்ல. சிம்ப்ளிசிட்டி நிறுவனத்தின் பேட்டர்னில் 36 அங்குல மார்புக்கு இலக்கம் 14. இரண்டாவது, தையல் ஓரம். அமெரிக்கப் பேட்டர்ன்களில் பெரும்பாலும் ஐந்தெட்டாம் பங்கு அங்குல ஓரம் சேர்ந்தே இருக்கும். புர்தா இதழ்த் தாளில் ஓரம் கிடையாது, நாமே விட வேண்டும். அதோடு புர்தாவின் வழக்கமான அளவுகள் 168 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வரையப்பட்டவை. நம்மில் பலருக்கு இடுப்பு தாளில் குறித்த இடத்துக்கு மேலேயே வந்துவிடும்.

இணையத்தில் இறக்கியதை கொமியூனிகேசன் கடையில் அச்செடுக்கும்போது கவனம் வேண்டும். பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று கணினி தானாகச் சுருக்கிவிடும். எனக்கு அப்படி நடந்தது. தாளில் 10 சென்ரிமீற்றர் சோதனைக் கட்டம் ஒன்று இருந்தது. அதை வீட்டுக்கு வந்து, முப்பது தாளையும் ஒட்டிய பிறகுதான் அளந்தேன். 9.6 இருந்தது. கேட்கச் சின்னக் குறைவுதான், ஆனால் 39 அங்குலச் சட்டையில் அது ஒன்றரை அங்குலம். முதல் தாளை மட்டும் அச்செடுத்து, கடையிலேயே நின்று அளந்துவிட்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

அப்படியென்றால் எதற்கு எது? சாரி பிளவுசுக்கு நான் எப்போதும் அளவுச் சட்டைதான். அதில் கால் அங்குலம் பிசகினாலும் தெரியும், எந்த அச்சுத் தாளும் அந்த நெருக்கத்துக்கு வராது. கொலர் வைத்த சேர்ட்டுக்கும் காற்சட்டைக்கும் பேட்டர்ன்தான் நல்லது. எந்தத் துண்டை எதற்குப் பிறகு தைப்பது என்ற ஒழுங்கு அதோடு வருகிறது, அதற்கே காசு கொடுக்கலாம். சாதாரணச் சட்டைக்கு, தொடங்குகிறவர்கள் அளவுச் சட்டையிலிருந்து தாள் எடுத்து, மார்பையும் இடுப்பையும் நாடாவால் சரிபார்த்துத் திருத்திக்கொள்வதையே சொல்வேன்.

எந்த வழியானாலும் தாளில் எடுங்கள், நேரே துணியில் வரையாதீர்கள். புறக்கோட்டையில் மலிவாக அள்ளிவரும் வெட்டுத்துண்டுகளில் சட்டைக் கைக்கான துண்டை எங்கே நுழைப்பது என்று தாளை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். துணியின் நீளவாக்கைக் காட்டத் தாளில் போடும் அம்புக்குறி துணியின் கரைக்கு இணையாக இருந்தால் போதும். கைத்தறித் துணி என்றால் வெட்டுமுன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும்.

பிறகு அந்தத் தாளே வடிவமைக்கவும் உதவும். என் முன்பக்கத் தாளின் பிரதி ஒன்றை எடுத்து, கீழ்விளிம்பிலிருந்து மார்பு முனைவரை கத்தரித்து, பக்கவாட்டு டாட்டை மடித்து மூடினேன். கீழே தாள் தானாக விரிந்து திறந்தது. டாட்டில் இருந்த துணி விளிம்புக்கு விரிவாக இறங்கிவிட்டது. அந்த விரிவோடு வெட்டிய நீலக் கைத்தறிச் சட்டையைத்தான் இந்தக் கிழமை மட்டும் மூன்று நாள் போட்டேன். தோளும் கைக்குழியும் பழைய அளவுச் சட்டையில் இருந்த அதே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன.