பெரம்பூரில் பிரித்துப் பார்க்க விடும் ஒரு காமிக்ஸ் கடை

பிளாஸ்டிக் உறையைக் கடையிலேயே கிழித்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்து, பிடித்தால் பணம் கொடு, இல்லையென்றால் வைத்துவிட்டுப் போ என்று சொல்கிற காமிக்ஸ் கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. முன்பக்கம் பள்ளிக்கூட கைடுகளும் நோட்டுகளும், பின்பக்கம் இரண்டு அலமாரி முழுக்க ஹார்ட்கவர், அதாவது கெட்டி அட்டை போட்ட காமிக்ஸ். பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டார். கூட்டம் சேர்ந்தால் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பார்க்க விட முடியாது என்கிறார், அது நியாயம்தான். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் விசாரித்தால் கண்டுபிடித்துவிடலாம்.

நான் தண்டையார்பேட்டை. ஹார்ட்கவர் வாங்க ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. முதல் ஐந்து வருடமும் எல்லாமே ஆன்லைன்தான், அதில் பட்டதெல்லாம் எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 832 பக்கத்தில் ஒரு அமெரிக்க சூப்பர் ஹீரோ தொகுப்பு ஆர்டர் போட்டேன், இரண்டு கிலோவுக்கு மேல் எடை. அது ஒரு பாலிதீன் பையில், உள்ளே ஒரு சுற்று அட்டைகூட இல்லாமல் வந்தது. கீழ் முனை இரண்டும் நசுங்கி, அட்டையின் பலகை ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. மாற்றிக் கேட்டேன், வந்தது. அதில் முனை நன்றாக இருந்தது, ஆனால் முன் அட்டையைத் திறந்தால், அட்டையின் உள்பக்கம் ஒட்டுகிற எண்ட் பேப்பர் முதுகோரம் கிழிந்து உள்ளே துணி தெரிந்தது. மூன்றாவது முறை கேட்டதற்குப் பணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு, புத்தகம் ஸ்டாக் இல்லை என்று முடித்துவிட்டார்கள். பணம் வந்தது சரி, நான் கேட்டது புத்தகம்.

முனை நசுங்கினால் என்ன, கதை படிக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். படிக்கலாம்தான். ஆனால் ஹார்ட்கவர் அட்டை என்பது அழுத்திய காகிதப் பலகை, அதன் மேல் ஒட்டிய தாளும் லேமினேஷனும்தான் அதற்குக் காப்பு. முனையில் லேமினேஷன் உடைந்தால் அந்த வழியாக ஈரம் ஏறும். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டரில் இருக்கிற எங்கள் வீட்டில் அது இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது, பலகை ஊதிக்கொள்ளும், அப்புறம் அட்டை வளையும். அழகுக்காக மட்டும் நான் முனையைப் பார்ப்பதில்லை.

இந்தக் கடையைக் காட்டியது என் தாய்மாமா. தங்கசாலையில் இருக்கும் அரசு மைய அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன்னால் அங்கே தரையில் குவித்துப் போட்ட பழைய காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைத் தேடி எடுத்த கை அவருடையது. 1972இல் முத்து காமிக்ஸ் முதல் வெளியீடாக வந்த மாயாவியை நாலாகக் கிழிந்த நிலையில் வாங்கி, தைத்து, காலிகோ என்கிற பைண்டிங் துணி ஒட்டி வைத்திருக்கிறார், இன்னும் கலையாமல் இருக்கிறது. ஹார்ட்கவரை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

கடைக்குள் போனால் ஒரு மர பெஞ்ச், ஒரு மேசை, மேலே இரண்டு டியூப்லைட். புத்தகத்தைக் கேட்டால் முதலில் ஒரு காடாத் துணியைக் கையில் கொடுக்கிறார். "வேர்வை கை ஆர்ட் பேப்பர்ல பட்டா போகாது தம்பி, துடைச்சிட்டுத் தொடுங்க." ஆர்ட் பேப்பர் என்பது வழவழப்பான மேல்பூச்சு உள்ள தாள். துணியைக் கொடுத்ததற்கப்புறம் தொந்தரவே கிடையாது. நான் முதல் நாள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், என்ன தேடுகிறாய் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கைவிட்டுப்போன அதே 832 பக்கத் தொகுப்பு அங்கே மூன்று பிரதி இருந்தது. மூன்றையும் பிரித்தேன்.

முதல் பிரதி உறையோடு பார்க்கும்போதே சந்தேகம். புத்தகத்தைத் தட்டையாக வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் முதுகு நேராக நிற்க வேண்டும். இது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அதாவது உள்கட்டு (தாள்களெல்லாம் சேர்ந்த கட்டு) அட்டைக்குள் கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது. பிரித்துத் திறந்ததும் தெரிந்துவிட்டது, முன் அட்டையைவிடப் பின் அட்டை தாள்களுக்கு வெளியே அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தது. அது வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

இரண்டாவது பிரதி வெளியே அருமை. முனை, அட்டை மேல் சுற்றிய காகித மேலுறை, லேமினேஷன் எதிலும் குறை சொல்ல முடியாது. பெரிய புத்தகத்தை முதல் முறை திறக்கிற விதம் ஒன்று இருக்கிறது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் பிளந்து திறக்கவே கூடாது. முதுகு மேசையில் படும்படி புத்தகத்தை நிறுத்தி, முன் அட்டையை மட்டும் கீழே சாய்த்து, பின் அட்டையைச் சாய்த்து, அப்புறம் முன்னால் பத்துத் தாள், பின்னால் பத்துத் தாள் என்று மாற்றி மாற்றி மெல்ல அழுத்தி நடுவுக்கு வர வேண்டும். முதுகின் பசை அப்போதுதான் ஒரே சீராக இளகும். இப்படித் திறக்கும்போது முதுகு அட்டைக்கும் உள்கட்டுக்கும் நடுவில் ஒரு பொந்து விழும், அதைப் பார்த்துப் பைண்டிங் விட்டுவிட்டது என்று பயந்து திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. அது குறை இல்லை, ஹார்ட்கவர் கட்டுவதே அப்படித்தான், அந்தப் பொந்து இருப்பதால்தான் புத்தகம் விரிந்து படுக்கிறது.

அப்புறம் பாரம், அதாவது ஒரே தாளை மடித்துச் செய்த பக்கக் கட்டு. பெரிய தாளில் அச்சடித்து மடித்தால் பெரும்பாலும் 16 பக்கம் ஒரு பாரம், 832 பக்கம் என்றால் 52 பாரம். புத்தகத்தை மேலிருந்து முதுகோரம் பார்த்தால் மடிப்பு மடிப்பாகத் தெரியும். தைத்த புத்தகமா வெறும் பசையா என்று தெரிய வேண்டுமானால் பாரத்தின் நடுப்பக்கத்துக்குப் போக வேண்டும், முதல் பக்கத்திலிருந்தே எண்ணினால் 8, 9 பக்கங்களுக்கு நடுவில் நூல் தெரியும், அடுத்தது 24, 25. நூலே இல்லையென்றால் பசைக் கட்டு, இந்த எடைக்கு அது நிற்காது. சிக்கல் என்னவென்றால், இந்த மாதிரித் தொகுப்புகள் பலவற்றில் எல்லாப் பக்கத்திலும் எண் இருக்காது, படம் முழுப் பக்கத்தையும் நிறைத்திருக்கும். ஒரு பாரம் விடுபட்டாலோ, ஒரே பாரம் இரண்டு முறை சேர்ந்துவிட்டாலோ எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மாமா சொன்ன வழி, ஒரு பாரம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் மட்டும் கடைசிக் கட்டத்தையும் முதல் கட்டத்தையும் படித்துப் பார்க்க வேண்டும், கதை ஒட்டிக்கொண்டு போகிறதா என்று. 51 இடம்தான், கால் மணி நேர வேலை. இரண்டாவது பிரதி அதில்தான் மாட்டியது. சண்டை உச்சத்தில் நிற்கிறது, எதிர்ப் பக்கத்தைப் பார்த்தால் வில்லன் ஏற்கெனவே ஜெயிலில் உட்கார்ந்திருக்கிறான். நடுவில் 16 பக்கம் காணோம். உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைக்கிற பழக்கம் உள்ள ஒருவர் அதை வாங்கியிருந்தால் பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்திருக்கும், அப்போது யாரிடம் போய்க் கேட்பது?

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, பாரம் எந்த இடத்தில் விடுபட்டது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைத்து, விநியோகஸ்தருக்குத் திருப்பி அனுப்பத் தனியாக எடுத்து வைத்தார்.

மூன்றாவது பிரதியில் ஒரு தாளின் மேல் முனை உள்ளே மடிந்து, கட்டிங்கில் சிக்காமல், விரித்தால் வெளியே முக்கோணமாக நீட்டிக்கொண்டிருந்தது. இது எனக்குப் பிரச்சினையே இல்லை, கையால் மடித்து வைத்தால் ஆயிற்று. அதை எடுத்துக்கொண்டேன். குறை என்று பார்க்கப்போனால் எல்லாப் பிரதியிலும் ஏதாவது இருக்கும். காலப்போக்கில் வளர்கிற குறையா, அப்படியே நிற்கிற குறையா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

தமிழ் ஹார்ட்கவர்களும் இங்கேயே வாங்குகிறேன். அவற்றில் நான் கூடுதலாகப் பார்ப்பது எழுத்து. நாலு வண்ணமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் முகங்களின் ஓரத்தில் சிவப்போ நீலமோ நிழல் மாதிரி தெரியும், அது எந்த மொழிப் புத்தகத்திலும் நடப்பதுதான். ஆனால் கறுப்பு, கருநீலக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தாக வசனம் வரும்போது தமிழுக்குத் தனிக் கஷ்டம் உண்டு. சுழி மை ஏறி அடைந்துவிடும், புள்ளி காணாமல் போகும். "கொல்" என்று மிரட்டுகிறவன் "கொல" என்று நிற்கிறான். ஒரு புள்ளி போனால் சொல்லே போய்விடுகிறது, சும்மா விட முடியவில்லை. ஆல்பம் என்று சொல்கிற ஐரோப்பிய காமிக்ஸ் புத்தகம் பெரும்பாலும் 48 பக்கம், மூன்று பாரம், அகலமான தாள். அதே மாதிரி ஆறு ஆல்பத்தைச் சேர்த்து ஒரே புத்தகமாகக் கட்டும்போது முதுகோரம் இருக்கிற வசன பலூன் பள்ளத்துக்குள் போய்விடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். நடுப்பகுதியில் திறந்து, கையால் அழுத்தாமல் படிக்க முடிந்தால் நல்ல பதிப்பு.

இனி கடையின் குறைகள். தள்ளுபடி 10 சதவீதம்தான், ஆன்லைனில் அதே புத்தகம் 25, 30 சதவீதம் குறைவாகக் கிடைக்கிற நாட்கள் உண்டு. 500 ரூபாய்க்குக் கீழே என்றால் நான் இன்னும் ஆன்லைனில்தான் வாங்குகிறேன், அதற்கு மேல் போனால் இங்கே. இரண்டாவது அலமாரி ஜன்னலுக்கு எதிரே இருக்கிறது, மாலை வெயில் நேராக விழுகிறது. சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் போகும், அங்கே இருக்கிற பல புத்தகங்களின் முதுகு நீலம் பாரித்துப்போயிருக்கிறது. ஒரு திரை போடச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டேன், இன்னும் போடவில்லை. விலைச் சீட்டை மேலுறை மேலேயே ஒட்டுவதையும் நிறுத்த வேண்டும், உரித்தால் மேட் லேமினேஷன் சேர்ந்து வருகிறது. ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி உரித்தால் வந்துவிடும், ஆனால் அந்த வேலையை ஏன் வாங்குகிறவனுக்கு வைக்க வேண்டும்?

ஆனால் ஒரு விஷயத்துக்காக இந்தக் கடையை எத்தனை முறை வேண்டுமானாலும் புகழ்வேன். சின்னக் குறை உள்ள பிரதிகளை அவர் மறைத்து விற்பதில்லை. முதல் தாளில் பென்சிலால் எழுதி வைக்கிறார், "412ஆம் பக்கம் சுருக்கம்", "பின் அட்டை முனை அடி" என்று, விலையையும் அதற்கேற்பக் குறைத்து. படிக்க மட்டும் வேண்டும் என்கிற கல்லூரிப் பிள்ளைகள் அந்த அடுக்குக்குத்தான் நேராகப் போகிறார்கள். நானும் இரண்டு வாங்கியிருக்கிறேன், அவர் எழுதியதற்கு மேல் ஒரு குறையும் அவற்றில் நான் கண்டுபிடிக்கவில்லை.

வாங்கின பிறகு வைத்துக்கொள்வது பற்றியும் அங்கே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். தடித்த ஹார்ட்கவரை வருடக்கணக்கில் நிறுத்தி வைத்தால் உள்கட்டு தன் எடையிலேயே முன்பக்கம் தொங்கிவிடும், ஏனென்றால் அட்டைதான் அலமாரித் தட்டைத் தொடுகிறது, தாள் தொடுவதில்லை. என்னிடம் இருக்கிற பெரியவற்றைப் படுக்க வைத்துவிட்டேன், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் போவதில்லை. இராமபாணப் பூச்சிக்கு மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டுகிறேன். ஆர்ட் பேப்பருக்குத் தண்ணீர்தான் எமன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வியாசர்பாடியில் நண்பன் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, கீழ்த் தட்டில் இருந்த ஒன்பது புத்தகம் நனைந்துவிட்டன. அவற்றில் நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் காகிதத்தில் வந்த பழைய காமிக்ஸை விசிறிக் காயவைத்து மீட்டோம், நிறம் மாறியது, ஆனால் படிக்கலாம். ஆர்ட் பேப்பர் தாள்களின் மேல்பூச்சு ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து செங்கல்லாகிவிட்டது, பிரித்தால் படம் உரிந்து அடுத்த பக்கத்தோடு போகிறது. அப்படிச் செங்கல்லானவற்றை அவன் தூக்கிப் போட மனசில்லாமல் இன்னும் பரண் மேல் வைத்திருக்கிறான்.

அதே 832 பக்கத் தொகுப்பின் இரண்டாம் பாகம் வந்துவிட்டதாக அண்ணன் நேற்று போன் செய்தார். இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறாராம், ஜன்னல் பக்க அலமாரியில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை மாமாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அவருக்குக் கண் இப்போது சரியாகத் தெரிவதில்லை, ஆனால் முதுகில் விரலை ஓட்டினாலே கட்டு எப்படி என்று சொல்லிவிடுவார்.