வீட்ல வெல்டிங் மெஷின் வாங்கி நாலு வருஷம்: அது மேல போட்டதெல்லாம் வீண் பழி

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சின்ன இன்வெர்ட்டர் ஆர்க் வெல்டிங் மெஷின் வாங்கினேன். எனக்கு இது தொழில் இல்ல, லீவு நாள்ல ரெண்டு மூணு மணி நேரம் வீட்டுக்குப் பின்னாடி உக்காந்து எதையாச்சும் பத்தவைக்கிறது, அவ்வளவுதான். இதுவரைக்கும் ஒரு மேசை, செடி வைக்கிற ஸ்டாண்டு நாலஞ்சு, ஒரு சின்ன கேட்டு, பக்கத்து வீட்டுப் பையனோட சைக்கிள் கேரியர்னு ஓடியிருக்கு. வாங்கின புதுசுலயே எழுதியிருந்தா மெஷினைக் கிழிச்சுத் தொங்க விட்டிருப்பேன், ராடு (உருகி இணைப்பை நிரப்புற, பூச்சு போட்ட குச்சி) ஒட்டிக்குது, ஆர்க் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவுல எரியுற வெளிச்சம்) நிக்கல, ஆம்பியர் எல்லாம் பொய்யின்னு. இப்ப திரும்பிப் பாத்தா ஒவ்வொரு தடவையும் தப்பு வேற எங்கயோ இருந்திருக்கு, திட்டு மட்டும் மெஷினுக்கு.

முதல் பஞ்சாயத்து கரண்டுல. 2.5 எம்எம் ராடு போட்டு 80 ஆம்பியர் வச்சா தாராளமா எரியணும், எனக்கு என்னடான்னா தொட்ட இடத்துலயே பசை போட்ட மாதிரி ஒட்டிக்கும், ஹோல்டரை முறுக்கி முறுக்கிப் பிடுங்கணும். 100 வரைக்கும் ஏத்திப் பாத்தேன், அதே கதைதான். கடைசியில பாத்தா நான் மெஷினை சொருகியிருந்தது டிவிக்கு வாங்கின எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல, அதுவும் மீதி வயரை அப்படியே சுருட்டிப் போட்டு வச்சிருந்தேன், தொட்டா சுடுது, பிளாஸ்டிக் வாசனை வேற. மெல்லிசு வயர்ல அவ்வளவு கரண்டு இழுத்தா வழியிலயே வோல்ட்டேஜ் விழுந்துடும், மெஷினுக்குப் போய்ச் சேர்றது மிச்சம் மீதி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏசிக்கு இழுக்கிற மாதிரி தனி லைன் இழுத்து, 4 ஸ்கொயர் எம்எம் வயர்ல ஒரு குட்டை எக்ஸ்டென்ஷன் பண்ணிக்கிட்டேன். அன்னைக்கு சாயங்காலம் அதே ராடு, அதே 80, சரசரன்னு எரியுது.

அடுத்தது எர்த் கிளாம்ப். மெஷினோட கூட வர்ற கிளாம்ப் பெரும்பாலும் தகரத்துல செம்பு முலாம் பூசினதுதான், ஸ்பிரிங்கும் லொடலொட. அதைக் கொண்டுபோய் பெயிண்ட் அடிச்ச பைப்புல மாட்டிட்டு ஆர்க் ஏன் திக்குதுன்னு யோசிச்சிட்டு இருப்பேன். கரண்டு ராடு வழியா போனா போதுமா, திரும்பி வர வழி வேணாமா? இப்ப திருகி இறுக்குற பித்தளை கிளாம்ப் போட்டிருக்கேன், மாட்டுற இடத்தை கிரைண்டரால வெள்ளையா தெரியுற வரைக்கும் தேய்ச்சுட்டுதான் மாட்டுறது. இந்த ஒரு மாத்தத்துல கிடைச்ச நிம்மதி புது மெஷினே வாங்கியிருந்தாலும் கிடைச்சிருக்காது.

ராடு விஷயத்துல நான் 6013ஐத் தாண்டி ரொம்பப் போகல. முதல் 60ன்னா சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவையைத் தாங்கும்னு அர்த்தம், அடுத்த 1ன்னா எந்த நிலையில வேணா வச்சு அடிக்கலாம், கடைசி எண் மேல இருக்கிற பூச்சு என்ன வகைங்கிறதுக்கு. ஆசைப்பட்டு 7018 ஒரு பாக்கெட் வாங்கினேன், பீடு, அதாவது உருகி ஆறின வெல்டு வரி, என்னமோ அழகாதான் விழுது, ஆனா நடுவுல நிறுத்திட்டு மறுபடி பிடிச்சா பத்திக்காது, நுனியில கண்ணாடி மாதிரி ஒரு மூடி கட்டிக்கும், தரையில தேய்ச்சு உடைக்கணும். அதோட அது ஈரத்தை இழுத்து வச்சுக்கும், பட்டறையில எல்லாம் சூடான பெட்டிக்குள்ள வச்சு எடுப்பாங்க, வீட்ல அதுக்கு எங்க போறது. 6013 அவ்வளவு அடம் பிடிக்காது, அதுக்குன்னு மழைக்காலத்துல திறந்த பாக்கெட்டை ஷெட்டுல போட்டுட்டா பூச்சு ஊறி பட்பட்னு வெடிச்சு பீடு பூரா ஓட்டை ஓட்டையா வரும். அந்த ஓட்டைக்கும் ஒரு மாசம் மெஷினைத்தான் திட்டினேன். இப்ப இறுக்கமா மூடுற டப்பாவுல வைக்கிறேன்.

கை பழகுறதைப் பத்தி ஒண்ணு சொல்லணும், இது புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. புதுசா பிடிக்கிறவங்க எல்லாரும் வெளிச்சத்தையே பாப்போம். பாக்க வேண்டியது அதுக்குப் பின்னாடி உருகி நிக்கிற சின்னக் குளத்தை. அதுலயும் பளபளன்னு தண்ணி மாதிரி இருக்கிறது இரும்பு, அது மேல கொஞ்சம் மங்கலா மிதந்து வர்றது ஸ்லாக், ராடு பூச்சு உருகி வர்ற கழிவு. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்ச அன்னைக்குதான் வெல்டிங் வந்துச்சுன்னு சொல்லலாம், அதுக்கு முன்னாடி அடிச்சதெல்லாம் ஸ்லாக்கை நடுவுல புதைச்சு மேல மூடினதுதான், சுத்தியால தட்டினா பாதி கழண்டு வரும். ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவுல இடைவெளி ராடோட தடிமன் அளவுதான், ராடை போற பக்கமா லேசா சாய்ச்சு பின்னாடி இழுத்துக்கிட்டே போகணும், ராடு கரையக் கரைய கையும் இறங்கணும். இந்த இறங்குறது மறந்துபோச்சுன்னா ஆர்க் நீண்டு, பொறி நாலா பக்கமும் தெறிச்சு, அசிங்கமா வரும்.

மெல்லிசு ஸ்கொயர் டியூப் தனி ரகம். 1.2 எம்எம் சுவர்ல 2.5 ராடு வச்சா ஓட்டை விழும், ஓட்டையை அடைக்கப் போனா ஓட்டை பெருசாகும். 2 எம்எம் ராடு, 45 ஆம்பியர் கிட்ட, ராடு பிடிக்கிற ஹோல்டரை மெஷினோட மைனஸ்ல மாத்திப் போட்டு, இழுக்காம ஒரு டாக் (ஒரு புள்ளி வெல்டு), ஒரு மூச்சு விட்டு அடுத்த டாக்னு புள்ளி புள்ளியா வச்சேன், அப்பதான் ஒழுங்கா வந்துச்சு. வளையிறதும் இதுலதான் ஜாஸ்தி. என் முதல் மேசை ஃபிரேமை ஒரு மூலையில முழுசா அடிச்சு முடிச்சுட்டு அடுத்த மூலைக்குப் போனேன், முறுக்கிக்கிட்டு ஒரு கால் மேல தூக்கிடுச்சு. நாலு மூலையும் டாக் போட்டு, குறுக்களவு ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு டேப்பு பிடிச்சுப் பாத்துட்டு, அப்புறம் மாத்தி மாத்தி அடிச்சிருக்கணும்.

இப்ப கண்ணு. முதல் நாலு மாசம் கையில பிடிக்கிற ஷீல்டுதான் வச்சிருந்தேன். டாக் போடும்போது ராடை இடத்துல வச்சுட்டு ஷீல்டைத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள பொறி பறந்துடும், ஒரு நொடிதானேன்னு விட்டேன், அப்படி ஒரு சாயங்காலம் ஒரு இருபது டாக் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துச்சு, கண்ணுல மணலை அள்ளிக் கொட்டின மாதிரி, திறக்கவும் முடியல மூடவும் முடியல, தண்ணியா ஊத்துது. கருவிழி மேல வெயில் பட்டு வெந்தா எப்படியோ அதுதான், புற ஊதாக் கதிர் பண்ற வேலை, பட்ட உடனே தெரியாது, பல மணி நேரம் கழிச்சுதான் காட்டும். டாக்டர்கிட்ட போய் சொட்டு மருந்து வாங்கி ரெண்டு நாள்ல சரியாச்சு. அதே வாரம் தானா இருட்டாகுற ஹெல்மெட் வாங்கிட்டேன். இதை முதல்லயே வாங்கியிருந்தா கண்ணும் தப்பிச்சிருக்கும், ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கிறதால வெல்டிங்கும் சீக்கிரம் வந்திருக்கும். 80 ஆம்பியருக்கு ஷேடு, அதாவது கண்ணாடி எவ்வளவு இருட்டுங்கிற எண், 10 வச்சுக்கறேன், 100 தாண்டினா 11. மேசைக்கு அடியில குனிஞ்சு அடிக்கும்போது சென்சாரை பைப்பு மறைச்சு இருட்டாகாம பளிச்சுன்னு அடிச்சிருக்கு, நல்ல ஹெல்மெட்னா அப்பவும் புற ஊதாவை வடிகட்டிடும், கண்ணு கூசுறதோட போயிடும். சட்டை மேல் பட்டன் போடாம அடிச்சு கழுத்துல முக்கோணமா தோல் உரிஞ்சதும் உண்டு. பாலியஸ்டர் சட்டை வேண்டவே வேண்டாம், பொறி பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும்.

புகையில நான் பயப்படுறது ஜிஐ பைப்புக்குத்தான், துத்தநாகம் பூசின இரும்பு பைப்பு. துத்தநாகம் 907 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாயிடும், இரும்பு உருகவே 1,500 கிட்ட வேணும், அதனால வெல்டு ஆகுறதுக்கு முன்னாடியே வெள்ளைப் புகை கிளம்பிடும். அதை இழுத்தா சாயங்காலம் குளிரும் காய்ச்சலுமா வந்து படுக்க வச்சிடும். அடிக்கிற இடத்துல பூச்சை முழுக்கத் தேய்ச்சு எடுத்துட்டு, மாஸ்க் போட்டு, காத்தோட்டமா இருக்கிற இடத்துலதான் செய்வேன். குளோரின் கலந்த கிளீனர்ல துடைச்ச இரும்புப் பக்கமே போகக்கூடாது, ஆர்க் வெளிச்சத்துல அது பாஸ்ஜீன்ங்கிற விஷ வாயுவா மாறும். பழைய டீசல் டேங்கு, மூடின டிரம் எல்லாம் யார் கொண்டுவந்தாலும் தொடமாட்டேன்னு சொல்லிடுவேன்.

சரி, மெஷின். மேல 200 ஆம்பியர்னு பெருசா எழுதியிருக்கு, நான் 120 தாண்டினதே இல்ல. டியூட்டி சைக்கிள்னு ஒரு எண் இருக்கும், 60 சதவீதம்னா பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷம் எரிக்கலாம், நாலு நிமிஷம் ஆறவிடணும். வீட்டு வேலையில ராடு மாத்தி, ஸ்லாக் தட்டி, அளவு பாத்து நிக்கறதுலயே பாதி நேரம் போயிடும், ஆறாம என்ன பண்ணும். மூணாவது வருஷம் ஒரு நாள் எரியாமப் போச்சு, ஆஹா இந்தத் தடவை நிஜமாவே மெஷின்தான்னு எனக்கு ஒரு சந்தோஷம். ரிப்பேர் பண்றவர் மூடியைத் திறந்து காட்டினார், உள்ள போர்டு மேல பூரா இரும்புத்தூள். பக்கத்துலயே உக்காந்து கிரைண்டர் ஓட்டியிருக்கேன், ஃபேன் அத்தனையும் உள்ள இழுத்து வச்சிருக்கு, ஷார்ட் ஆகாம என்ன செய்யும். இப்ப கிரைண்டர் ஒரு மூலை, மெஷின் ஒரு மூலை, மாசம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிட்டு ப்ளோயரால ஊதறேன்.

இந்த கிரைண்டரைப் பத்தி யாரும் முன்னாடியே சொல்லல, ஒரு மணி நேரம் வேலைன்னா பத்து நிமிஷம்தான் வெல்டிங், மீதி அறுக்கறதும் தேய்க்கறதும்தான். வீலை மூடுற பாதுகாப்பு கார்டை கழட்டிட்டு ஓட்டாதீங்க, வீல் நடுவுல இருக்கிற வளையத்துல காலாவதி தேதி போட்டிருக்கும், அதையும் பாருங்க. பைப்பை மூலைக்குப் பிடிச்சு வைக்கிற காந்த ஆங்கிள் நாலு வாங்கினது தண்டம், டிசி கரண்டுல (ஒரே திசையில ஓடுற கரண்டு) பக்கத்துல காந்தம் இருந்தா ஆர்க் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு ஓடுது, டாக் போட்ட உடனே எடுத்துடணும். அதுக்கு சாதா சி கிளாம்ப் ரெண்டு போதும்.

செங்குத்தா அடிக்கிறது மட்டும் இன்னும் கைக்கு வரல. கீழ இருந்து மேல ஏத்தினா மூணு அங்குலத்துக்குள்ள குளம் கனத்து சொட்டிடுது, மேல இருந்து இறக்கினா ஸ்லாக் முந்திக்கிட்டு ஓடுது. லைன் சரி, கிளாம்ப் சரி, ராடு காஞ்சதுதான், மெஷினும் போன மாசம்தான் ஊதி வச்சேன். பழி போட ஆள் தேடிட்டு இருக்கேன்.