தனி டயட் கிளினிக்குக்கு ஓம்ரான் எச்பிஎஃப்-375 போதுமா?

தனியாக டயட் கிளினிக் போடுகிறவர்கள் மேசை நாற்காலிக்கு அடுத்தபடியாக வாங்குவது உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று மதிப்பிடும் பாடி ஃபேட் மெஷின்தான். இன்பாடி வகை மெஷின்களின் விலை லட்சங்களில் போகும். அதனால் ஆயிரங்களில் முடிந்துவிடும் ஓம்ரான் கரடா ஸ்கேன் எச்பிஎஃப்-375 பக்கம் பலரின் பார்வை போகிறது. எடை பார்க்க நல்ல மெஷின். கொழுப்பு கூடுகிறதா குறைகிறதா என்று சில மாதப் போக்கைப் பார்க்கவும் உதவும். ஆனால் அடுக்கடுக்காக அது காட்டும் எண்களில் கிளையன்ட்டிடம் நம்பிச் சொல்லத் தகுந்தவை இரண்டோ மூன்றோதான்.

கையில் பிடிக்கும் கைப்பிடியிலும் கால் வைக்கும் தட்டிலுமாக எட்டு எலெக்ட்ரோடுகள், அதாவது கரண்ட் செலுத்தும் உலோகப் பட்டைகள். 50 கிலோஹெர்ட்ஸில், 500 மைக்ரோஆம்பியருக்கும் குறைவான கரண்ட் உடம்புக்குள் போய் வருகிறது. தசையில் தண்ணீர் அதிகம், கரண்ட் சுலபமாகக் கடக்கும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, தடுக்கும். மெஷின் நிஜமாக அளப்பது எடையையும் அந்தத் தடையையும் மட்டுமே. கொழுப்புச் சதவீதம், எலும்புத்தசை, உள்ளுறுப்புக் கொழுப்பு, கை கால் என்று பிரித்துக் காட்டும் தோலடிக் கொழுப்பு எல்லாம் நாம் கொடுத்த வயது, உயரம், ஆணா பெண்ணா என்ற விவரத்தோடு சேர்த்து ஒரு சமன்பாட்டில் போட்டு எடுத்த மதிப்பீடு. உடம்பில் நீர் வற்றியிருந்தால் கொழுப்பு கூடியதாகக் காட்டும். காலில் நீர் கோத்திருந்தால் குறைந்ததாகக் காட்டும். டயாலிசிஸில் இருப்பவருக்கும் கர்ப்பிணிக்கும் இந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை.

எவ்வளவு பிசகும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. 40 கிலோவுக்கு மேல் எடையில் ஒரு சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதாவது 80 கிலோ ஆளுக்கு 800 கிராம். கொழுப்புச் சதவீதத்தின் திட்டப்பிழை, அதாவது மதிப்பீடு வழக்கமாக விலகும் அளவு, 3.5. உள்ளுறுப்புக் கொழுப்புக்கு 3 படி. இந்த மெஷினில் 9 வரை இயல்பு, 10 முதல் 14 வரை அதிகம், 15-உம் அதற்கு மேலும் மிக அதிகம். 9 காட்டுபவர் நிஜத்தில் 12-ஆக இருக்கலாம், 6-ஆகவும் இருக்கலாம். "போன மாசம் 10, இந்த மாசம் 9" என்று கைதட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை. ஒரே ஆளை ஒரே நிலையில் வைத்து மூன்று மாதம் பார்த்து, எல்லா ரீடிங்கும் ஒரே திசையில் போனால் அதைப் பேசலாம்.

அந்த "ஒரே நிலை" என்பதில்தான் பெரும்பாலான கிளினிக்குகள் கோட்டை விடுகின்றன. மெஷின் டைல்ஸ் தரையில் ஆடாமல் உட்கார வேண்டும், கார்பெட் மேல் கூடாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். குளித்த கையோடோ ஜிம்மிலிருந்து நேராகவோ வந்தவரை ஏற்ற வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். வெறுங்கால், ஆனால் காய்ந்த கால் அல்ல. பித்தவெடிப்பும் தடித்த தோலும் கரண்டைத் தடுக்கும், எனவே ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்த பிறகே ஏற்ற வேண்டும். மெஷினை ஆன் செய்ததும் 0.0 வரும்வரை கைப்பிடியைத் தொடக்கூடாது; முன்பே தூக்கினால் எடைக் கணக்கு குழம்பும். ஏறியதும் குதிகால் எலெக்ட்ரோடில் பட வேண்டும். கை இரண்டும் உடம்புக்கு நேர்குத்தாக முன்னால் நீண்டு, முழங்கை மடங்காமல் இருக்க வேண்டும். அக்குள் ஒட்டினாலோ தொடைகள் உரசினாலோ கரண்ட் குறுக்கு வழியில் போய்விடும். மெட்டியைக் கழற்றச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் அதே மெட்டி, அதே வளையலோடு அளந்துகொள்ளலாம். துணிக்கு என்ன வழி? பட்டுப்புடவைக்கும் காட்டன் சுடிதாருக்கும் அரைக் கிலோ வரை வித்தியாசம் வரும். என்ன உடுத்தியிருந்தார் என்பதை ரீடிங் பக்கத்திலேயே ஒரு வார்த்தை எழுதி வைத்தால் அடுத்த முறை குழப்பமிருக்காது.

பேஸ்மேக்கர் வைத்திருக்கிறாரா என்று கேட்காமல் யாரையும் ஏற்றவே கூடாது. முதல் நாள் படிவத்தில் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இது வீட்டுக்காகச் செய்த மெஷின், அது கிளினிக்கில் நன்றாகவே தெரியும். நான்கு பேர் விவரத்தைத்தான் சேமிக்கலாம். ஐந்தாமவர் முதல் கெஸ்ட் முறையில் வயது, பாலினம், உயரம் மூன்றையும் ஒவ்வொரு தடவையும் அழுத்த வேண்டும், ரீடிங் எதுவும் உள்ளே நிற்காது. நோட்டோ எக்செலோ, நீங்கள்தான் எழுதியாக வேண்டும். எடை வரம்பு 135 கிலோ. உடல் பருமனுக்கென்றே கிளினிக் போடுகிறவருக்கு இது பெரிய குறை. 200 கிலோ தாங்கும் சாதாரண எடை மெஷின் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். ஏறி நின்றதும் எரர் காட்டும் மெஷின் முன்னால் ஒரு மனிதர் கூனிக் குறுகி நிற்பது நல்ல தொடக்கம் அல்ல.

அதைவிடப் பெரிய தலைவலி, திரை கைப்பிடியிலேயே இருப்பது. நீங்கள் வாய் திறக்குமுன் கிளையன்ட் படித்துவிடுவார். 34 வயதுக்காரர் "உடல் வயது 51" என்று பார்த்துவிட்டால் அதன் பிறகு நீங்கள் சொல்லும் இட்லிக் கணக்கு எதுவும் காதில் ஏறாது. உடல் வயது என்பது ஓய்வுநிலை வளர்சிதை மாற்றத்திலிருந்து, அதாவது சும்மா இருக்கும்போது உடம்பு செலவிடும் கலோரியிலிருந்து, எடுக்கும் ஒரு கணக்கு, நோய் நிர்ணயம் அல்ல. அளந்து முடித்ததும் கைப்பிடியை வாங்கிக்கொண்டு, தேவையான எண்ணை மட்டும் நீங்களே வாசித்துச் சொல்வது நல்லது.

ஓய்வுநிலை கலோரி எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. புதிதாகத் தொடங்கியவர்கள் சிலர் திரையில் வரும் எண்ணிலிருந்தே 500-ஐக் கழித்து டயட் சார்ட் போடுகிறார்கள். 40 வயது, 158 செ.மீ., 70 கிலோ பெண்ணுக்கு, வயது, உயரம், எடை, பாலினத்தை வைத்துக் கணக்கிடும் மிஃப்லின் சமன்பாட்டில் ஓய்வுநிலைச் செலவு சுமார் 1,327 கலோரி வரும். அதில் 500 போனால் 827. அந்தச் சாப்பாட்டில் யாரும் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்க மாட்டார்கள். நடமாட்டத்துக்கு 1.4-ஆல் பெருக்கி 1,857 ஆக்கி, அதிலிருந்து கழித்தால் 1,357. சார்ட் போட வேண்டியது இதற்குத்தான். மெஷின் காட்டுவதும் மதிப்பீடு, சமன்பாடு தருவதும் மதிப்பீடு. இரண்டும் நூறு, நூற்றைம்பதுக்கு மேல் விலகினால் உள்ளே கொடுத்த வயதையும் உயரத்தையும் முதலில் சரிபாருங்கள்.

உயரம் என்றதும் நினைவுக்கு வருவது: கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால் இந்த மெஷினுக்கு முன் நல்ல ஹைட் ஸ்கேலும், இழுபடாத ஃபைபர் டேப்பும் வாங்குங்கள். அதே 70 கிலோ பெண்ணுக்கு 158-ஐ 160 என்று எழுதினால் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 28.0-இலிருந்து 27.3-க்கு இறங்கிவிடும், கிராம் கணக்கில் எடையை இழைத்து அளந்தது வீண். சுவரில் ஸ்டிக்கர் ஒட்டி அளப்பவர்களுக்கு ஸ்கர்ட்டிங் டைல்ஸ்தான் எதிரி. குதிகால் அதில் முட்டி நிற்கும், முதுகு சுவரைத் தொடாது. கொண்டையும் மல்லிகைப்பூவும் தனிக்கதை. இடுப்புச் சுற்றளவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் எடுக்க வேண்டும். பாவாடை நாடா இருக்கும் இடம் அந்த நடுப்புள்ளி என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. இந்தியர்களுக்குப் பெண் என்றால் 80 செ.மீ., ஆண் என்றால் 90 செ.மீ. என்பது தாண்டக் கூடாத எல்லை. உள்ளுறுப்புக் கொழுப்புப் படியைவிட நான் நம்புவது இந்த டேப்பைத்தான், விலையும் அதற்கு நூறு ரூபாய்க் கணக்கில்தான்.

மாதம் ஒருமுறை மெஷினைச் சோதிக்க லேப் எதுவும் வேண்டாம். அரிசி மண்டியில் முத்திரை போட்ட 20 கிலோ எடைக்கற்கள் இரண்டைக் கேட்டு வாங்கி வந்து மேலே வைத்தால் போதும். சிலர் அரிசி மூட்டையை வைத்துப் பார்க்கிறார்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு கடைகளில் 26 கிலோ மூட்டைகள் வந்துவிட்டன. 25 என்று நினைத்து வைத்துவிட்டு மெஷினைப் பழிக்காதீர்கள். நான்கு ஏஏ பேட்டரிகளில் ஓடுகிறது. மாற்றும்போது நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், பழசும் புதுசும் கலக்கக் கூடாது.