இரண்டாவது சந்திப்புக்கு முன்: இரு மனநல மருத்துவச் சேவைகள் பற்றி

கல்லூரி இறுதியாண்டு படிக்கும் என் தங்கைக்காக மதுரையில் முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்கும், பிறகு ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் சென்றோம். இரண்டு இடத்திலும் எழுதிக் கொடுத்தது எஸ்சிடலோபிராம் என்ற ஒரே மனச்சோர்வு மாத்திரைதான் என்பதால், நான் எடைபோடுவது மருந்தை அல்ல, அதைக் கொடுத்த விதத்தை.

தனியார் மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அறைக்குள் இருந்தது ஏழு நிமிடம். தூக்கத்தையும் பசியையும் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு அம்மாவே பதில் சொன்னார். முப்பது நாளுக்கு மாத்திரை எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். ஐந்தாம் நாள் இரவு அவள் கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். "உடம்புக்குள்ள ஏதோ ஓடிக்கிட்டே இருக்குக்கா, உக்கார முடியல" என்றாள். மறுநாள் தொலைபேசியில் சொன்னபோது, அடுத்த தேதியில் மருத்துவரிடமே சொல்லுமாறு வரவேற்பில் கூறி வைத்துவிட்டார்கள்.

அந்தப் பதில் எவ்வளவு பொறுப்பற்றது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சிறாரிடமும் பதின்பருவத்தினரிடமும் நடந்த 24 ஆய்வுகளை ஒன்றாக ஆராய்ந்தபோது, மனச்சோர்வு மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினருக்கும் ஒப்பிடுவதற்காகத் தரப்பட்ட, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 விழுக்காட்டினருக்கும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தது தெரியவந்தது. அந்த ஆய்வுகளில் எவரும் இறக்கவில்லை. மருந்தின் விவரத்தாளில் கட்டம் கட்டி அச்சிடும்படி 2004-இல் வந்த எச்சரிக்கை 2007-இல் 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. மருந்தைத் தொடங்கும் முதல் சில வாரங்களிலும் அளவை மாற்றும் நாள்களிலும் நோயாளியை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்பதே அதன் சாரம்; மருந்தே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. 2016-இல் உலகெங்கும் தற்கொலையால் இறந்த பெண்களில் 36.6 விழுக்காட்டினர் இந்தியப் பெண்கள் என்று லான்செட் பொதுச் சுகாதார இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டிருக்கும்போது, இருபது வயதுப் பெண்ணுக்கு இந்த மாத்திரையைக் கொடுப்பவர்கள் வீட்டாரிடம் இரண்டு நிமிடம் பேசாமல் அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அரசு மருத்துவமனையில் மருத்துவர் எங்கள் இருவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் மட்டும் அரை மணி நேரம் பேசினார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என அவர் நேராகவே கேட்டதாகவும், அப்படி ஒருவர் கேட்டதே ஆறுதலாக இருந்ததாகவும் தங்கை சொன்னாள். இருப்புக்கொள்ளாத அந்த நிலை மருந்தாலும் வரலாம், ஆனாலும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று விளக்கி, அளவைப் பாதியாக்கினார். பத்து நாளுக்கு மட்டும் மாத்திரை கொடுத்து, மாத்திரை அட்டையை அம்மாவின் பொறுப்பில் விடச் சொன்னார். நான்காம் நாள் காலை செவிலியரே அழைத்து, அம்மாவிடம் அல்ல, அவளிடமே விசாரித்தார்.

குறை இல்லாமல் இல்லை. மருந்து கொடுக்கும் சன்னலில் வரிசை முழுவதும் கேட்கும்படி "மனநலச் சீட்டா?" என்று குரல் கொடுத்தார்கள்; தங்கை தலை குனிந்து நின்றாள். அதை உடனே மாற்ற வேண்டும். அதைத் தவிர்த்து, இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். முதல் இடத்துக்கு ஒன்று.

சீட்டின் பின்புறம் அந்த மருத்துவர் 14416 என்று எழுதிக் கொடுத்தார். டெலிமானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது. இரவிலும் தமிழில் பேசலாம். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் அந்த எண்ணை ஒட்டி வைத்திருக்கிறோம்.