ஸ்டென்ட்டுக்குப் பிறகும் நெஞ்சுவலி: காரைக்குடியில் ஓர் இதய மருத்துவமனையின் தொடர் சிகிச்சை

மதுரையில் ஸ்டென்ட் (அடைபட்ட இதயக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துக்கொண்டு ஊர் திரும்பிய பின்னரும் படியேறும்போது நெஞ்சில் இறுக்கம் வருவதாக என் தந்தையார் சொல்லிக்கொண்டே இருந்ததால், காரைக்குடியிலுள்ள ஒரு தனியார் இதய மருத்துவமனையில் தொடர் சிகிச்சைக்குச் சென்றோம். அடைப்பை நீக்கிய பிறகு வலி ஏன் என்று தட்டிக்கழிக்காமல், வலி எப்போது வருகிறது, எதனால் அடங்குகிறது என்று மருத்துவர் பொறுமையாகக் கேட்டதே இங்குள்ள முதன்மையான சிறப்பு. விரிக்கப்பட்ட குழாய்ச்சுவரின் உறுத்தல் பெரும்பாலும் விரைவில் தணிந்துவிடும் என்றும், உழைக்கும்போது வந்து ஓய்வில் அடங்கும் வலியானால் ஸ்டென்ட்டுக்குள் மீண்டும் சுருக்கமோ, வேறொரு குழாயில் அடைப்போ, ஆஞ்சியோகிராமில் (இதயக் குழாய்களின் எக்ஸ்ரே படத்தில்) தெரியாத நுண்குழாய்க் கோளாறோ இருக்கலாம் என்றும், இரைப்பை அமிலமும் இதேபோல் ஏமாற்றும் என்றும் விளக்கினார். இசிஜி, எக்கோ பார்த்தபின் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரேட் மாத்திரையைச் சேர்த்தார். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் நாமாக நிறுத்தினால் ஸ்டென்ட்டில் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரக்கூடும் என்பதையும், ஓய்விலும் வலி நீடித்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

காத்திருப்பு நேரம் மிக நீளம். உணவு ஆலோசனை என்று தரப்படும் அச்சுத்தாளில் ஓட்ஸ் இருக்கிறது. நம் வீடுகளில் எண்ணெயில் பொரிக்கும் கந்தரப்பம், சீயம், உப்பிட்டு உலர்த்திய இறைச்சியான உப்புக்கண்டம் பற்றி ஒரு வரியும் இல்லை.