ஒரே நச்சு, இரண்டு பதில்கள்: சிசுவின் எதிர்ப்புச் செல்களும் பெரியவர்களின் எதிர்ப்புச் செல்களும்

பிறந்த குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்று எல்லோரும் சொல்கிறோம். பாக்டீரியாவின் நச்சுகளை வைத்துப் பார்த்தால் அது பாதிதான் சரி. சிசுவின் செல்கள் சும்மா இருப்பதில்லை. வேறு விதமாகப் பதில் சொல்கின்றன.

முதலில் எண்டோடாக்சின். ஈ. கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் இருக்கும் பொருள் இது. தொப்புள்கொடியில் எடுத்த சிசுவின் ரத்தத்திலும் பெரியவர் ரத்தத்திலும் இதைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். நச்சை அடையாளம் காணும் டிஎல்ஆர்4 ஏற்பி இரு பக்க மோனோசைட்டுகளிலும் (ஒரு வகை வெள்ளையணுக்கள்) ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. ஆனால் அழற்சியைக் கிளப்பும் சமிக்ஞைப் புரதங்களான டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-12 இரண்டும் சிசுவிடம் குறைவு. இன்னொரு சமிக்ஞைப் புரதமான இன்டர்லூக்கின்-6 மட்டும் குறைவதில்லை, சில சமயம் கூடுதலாகவே வருகிறது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது பிளாஸ்மா, அதாவது ரத்தத்தில் செல்களை நீக்கினால் மிஞ்சும் திரவம். பெரியவரின் செல்களை எடுத்துத் தொப்புள்கொடி பிளாஸ்மாவில் வைத்தால், அவையும் டிஎன்எஃப் சுரப்பைக் குறைத்துக்கொள்கின்றன. அந்தப் பிளாஸ்மாவில் அடினோசின் என்ற சிறு மூலக்கூறு அதிகம். அது செல்லுக்குள் சுழற்சி ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறின் அளவை ஏற்றி டிஎன்எஃப்பை அடக்குகிறது. ஆகவே இதைச் செல்லின் முதிர்ச்சியின்மை என்று மட்டும் சொல்ல முடியாது. பிறந்ததும் தோலிலும் குடலிலும் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பெரியவரைப் போல அழற்சி கிளம்பினால் அந்த உடம்பு தாங்காது.

ஆனால் கிருமி ரத்தத்துக்குள் புகுந்துவிட்டால் இதே நிதானம் ஆபத்து. சிசுவின் நியூட்ரோஃபில்கள் (கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்கள்) தொற்று இடத்துக்கு வந்து சேர்வதிலும் மந்தம், எலும்பு மஜ்ஜையில் அவற்றின் இருப்பும் சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்த இடத்தில் பெரியவரின் செல்களே மேல், சந்தேகமில்லை.

அப்புறம் சூப்பர்ஆன்டிஜென், அதாவது டி செல்கள் என்ற வெள்ளையணுக்களைக் கூட்டம் கூட்டமாகத் தூண்டும் நச்சு. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா சுரக்கும் டிஎஸ்எஸ்டி-1 நச்சு, விபீட்டா2 என்ற ஏற்பிப் பகுதியைக் கொண்ட டி செல்களை மொத்தமாகக் கிளப்பிவிடும். பெரியவர்களுக்கு இது ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகள் செயலிழக்கும் நச்சு அதிர்ச்சி நோய். இதே நச்சால் சிசுக்களுக்கு வரும் நோயை ஜப்பானிய மருத்துவர்கள் 1990களில் விவரித்தார்கள். காய்ச்சல், தடிப்பு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் குறைவு எல்லாம் உண்டு. ஆனால் நிறைமாதக் குழந்தைகள் பெரும்பாலும் சில நாட்களில் தேறிவிடுகிறார்கள். அவர்களிடமும் விபீட்டா2 செல்கள் பெருகத்தான் செய்கின்றன. வித்தியாசம் அடுத்த கட்டத்தில்: அதே நச்சு மறுபடி தூண்டும்போது பெரியவரின் டி செல்கள் மீண்டும் பாய்கின்றன, சிசுவின் டி செல்களோ செயலற்று ஒதுங்கிவிடுகின்றன. குறைபாடு என்று நாம் பெயர் வைத்த குணம் இங்கே உயிரைக் காக்கிறது.

தடுப்பூசி ஆய்வாளர்களுக்கு இந்த வேறுபாடு கைகொடுக்கிறது. டிஎல்ஆர்4 வழியாகத் தூண்டினால் தயங்கும் சிசுவின் செல்கள், டிஎல்ஆர்8 என்ற இன்னொரு ஏற்பி வழியாகத் தூண்டினால் பெரியவருக்குச் சமமாக டிஎன்எஃப் சுரக்கின்றன. பிறந்த உடனே போடக்கூடிய தடுப்பூசிகளுக்கான, எதிர்ப்பைக் கூட்டும் துணைப்பொருளை அந்த வழியில் தேடுகிறார்கள்.